ஒன்றுமில்லை என்றதற்கு ஒரு கிடாய்

அந்தக் கிடாய் காலையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

எங்கள் வளவு மாமரத்தில் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கிடாய், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. வாயில் பலா இலை. நான் குசினி வாசலில் கதிரை போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்றை உரித்துவிட்டுத் தோளைத் தடவி, முழங்கையைத் தடவி, அடுத்ததை எடுப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு சுளகு நிறைய உரித்து முடித்துவிட்டார்கள்.

முற்றத்துப் பந்தலுக்குக் கீழே என் கணவர் அன்சார், வெள்ளைச் சாரனும் புதுத் தொப்பியுமாக நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்கூட அவ்வளவு சிரிக்க மாட்டான்.

"அல்ஹம்துலில்லாஹ், டீச்சருக்கு ஒண்டும் இல்லயாம்" என்று ஒவ்வொருவரிடமும் என்னைப் பற்றிச் சொன்னார். அவர்களும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கறி வாசம் வந்த பக்கம் திரும்பினார்கள்.

எனக்கு ஒரு வருத்தமும், அதாவது ஒரு நோயும், இல்லை என்று ரிப்போர்ட் வந்ததற்காக ஊரைக் கூட்டிச் சோறு போடுகிற கந்தூரி அது. அந்த நேரத்தில் என் உடம்பில் நோகாத இடம் என்று கேட்டால் மூக்கு நுனியைத்தான் காட்டியிருப்பேன்.

சென்ற கிழமை நான் இங்கே எழுதிய, தோணியில் இருந்து கடலுக்குள் விழுந்த பழைய கதையை வாசித்த ஒரு தங்கை, "அப்போது அவ்வளவு பாய்ச்சல் பாய்ந்த நீங்கள் இப்போது ஏன் கதிரையில் இருந்து தொழுகிறீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கான பதில்தான் இது. பதில் கொஞ்சம் நீளும். தேநீர் வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உளைவு

ஊரையே நுளம்புக் காய்ச்சல் படுக்கவைத்த வருடம் ஒன்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் சிக்குன்குனியா வராத வீடு இல்லை. காய்ச்சல் போனது, மூட்டு நோவு போகவில்லை. கடைக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகிறவர், மீன் வாங்கப் போகிறவர் எல்லாரும் பாதி குனிந்தபடியே போனார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கவும் செய்தோம்.

சில மாதங்களில் அவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். நான் நிமிரவில்லை. முழங்காலில் இருந்த நோவு இடுப்புக்கு ஏறியது, தோளுக்குப் போனது, பிறகு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாதபடி எல்லா இடத்திலும் குடியிருந்தது.

நோவு என்பதைவிட உளைவு என்பதுதான் சரி. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும். காலையில் எழும்பினால், இரவு முழுவதும் யாரோ என்னை ஏரில் கட்டி வயல் உழுததைப்போல இருக்கும். படுத்தேன், கண்ணை மூடினேன், ஆனால் தூங்கியதாக உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

அபாயாவின் தோள் தையல் நோகும். கைக்கடிகாரம் நோகும். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றிக் காற்றடிப்பார்களே, அதற்கு நான் அழுதிருக்கிறேன். பொரித்த மீன் வாசமும் மோட்டார் சைக்கிள் சத்தமும்கூட ஆளை அடித்துப்போடும்.

மறதி வேறு. நான் படிப்பிப்பது மனைப்பொருளியல். ஒருநாள் கேக் செய்து காட்ட நின்ற என் கையில் அரிதட்டு இருக்கிறது. அதன் பெயர் வாயில் வரவில்லை. பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். "இதுதான் மாவ மேல போட்டா கீழ வாற சாமான்" என்றேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். தவணைப் பரீட்சையில் அதே விடையை எழுதினார்கள், நானும் புள்ளி போட்டேன்.

அன்சாருக்கு இறக்காமத்தில் வயல். பாதி நாள் வீட்டில், பாதி நாள் வயல் வாடிக் குடிசையில். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ஆள். என் உளைவைப் பற்றி அவர் தீர்ப்புச் சொன்னது யானையை வைத்துத்தான்.

"இஞ்ச பாரு புள்ள, வயலுக்குள்ள ஆன வந்தா காலடி கெடக்கும். வருத்தம் வந்தா அதுக்கும் ஒரு அடையாளம் இரிக்கணும். வீங்கணும், செவக்கணும், காய்ச்சல் காயணும். உனக்கு ஒண்டயும் காணல்லயே."

அவர் குற்றம் சொல்லவில்லை, தேடினார். தேடிக் கிடைக்காததால் இல்லை என்று முடிவெடுத்தார். அது எனக்குக் குற்றம் சொல்வதைவிட நொந்தது.

வருத்தம் பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஊரில் ஒருவர் இரண்டு நாள் வெளியே தலை காட்டாவிட்டால் மூன்றாம் நாள் ஆட்கள் வருத்தம் பார்க்க வந்துவிடுவார்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள். பிஸ்கட், ஆப்பிள், பாலில் கரைத்துக் குடிக்கிற மோல்ட் டின். இந்த மோல்ட் டின்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதை யாரும் குடிப்பதில்லை. ஒரு வருத்தக்காரரிடம் இருந்து அடுத்த வருத்தக்காரருக்குப் போகும். என் மச்சி ஒருவரின் பித்தப்பைக் கல்லுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த டின், ஓரம் நசுங்கியது, ஒரு பிள்ளைப்பேற்றுக்கும் ஒரு கண் ஒப்பரேஷனுக்கும் போய்விட்டு என் உளைவுக்குத் திரும்பி வந்தது. நசுங்கலை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன்.

வந்தவர்கள் எல்லாரும் எனக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் சொன்னது அவரவருடைய வருத்தத்தைத்தான்.

முதலாவது ஜெசீமா மச்சி. அன்சாரின் தங்கை, நாலு வீடு தள்ளி இருக்கிறார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனது.

"மச்சி, இது தைரொயிட். எனக்கும் இப்பிடித்தான் துவங்கின. களைப்பு, உளைவு, மறதி, குளிர் ஏலா. என்ட குளிசைல பாதிய நீங்க போடுங்க."

"ரத்தம் பாக்காமயா மச்சி?"

"எனக்குப் பாத்ததுதானே. ஒரே குடும்பம்."

சீனி வருத்தக்காரர் இது சீனி என்றார், கால் எரியுமே என்றார். கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறவர் அந்தக் குளிசை தசையை நோகச்செய்யும் என்றார். நான் அந்தக் குளிசையே போடுவதில்லை என்றதும், அப்படியென்றால் போடாததால்தான் நோகிறது என்றார். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியார் கையைப் பிடித்துப் பார்த்து வாயு என்று சொல்லி, வீட்டுக்குள் ஒரு கிழமை யாரும் நுழைய முடியாத வாசத்தில் எண்ணெய் தந்தார். ஒருவர் கண்ணூறு என்றார். என்னிடம் கண் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் வீட்டைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

கப் வைத்து இரத்தம் எடுக்கிற ஹிஜாமாவுக்கும் போனேன். முதுகில் முதலாவது கப் வைத்ததும் நான் போட்ட சத்தத்தில், அடுத்துக் காத்திருந்த பெண் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது யோசித்தால் அவர்கள் யாரும் முட்டாள்தனமாகப் பேசவில்லை. சொன்ன வருத்தங்களில் பலவும் என்னுடையதைப் போலவே வேஷம் கட்டக்கூடியவைதான். எது வேஷம், எது ஆள் என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நல்ல ரிப்போர்ட்

ஆசுபத்திரியில் ஓர் இளம் டொக்டர் பொறுமையாகக் கேட்டு, நீளமாக எழுதித் தந்தார். ஆமவாதத்துக்கு ஒரு டெஸ்ட், தைரொயிட்டுக்கு ஒன்று, சீனிக்கு, இரத்தக் குறைவுக்கு, தசைக்கு, சிறுநீருக்கு, விட்டமினுக்கு. "கெட்டது ஏதும் இரிக்கா எண்டு பாக்கத்தான்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். அந்த வார்த்தையை அன்சார் பிடித்துக்கொண்டார். எனக்கு அது தெரியாது.

ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆமவாதம் இல்லை. தைரொயிட் நல்லது. சீனி நல்லது. இரத்தம் என்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது.

ஒவ்வொரு முறையும் அன்சாருக்கு முகம் விரியும், எனக்கு விழும். பரீட்சை எழுதிய பிள்ளை எல்லாப் பாடத்திலும் சித்தி பெற்றுவிட்டு அழுதால் எப்படி இருக்கும், அப்படி நான் ஆசுபத்திரி வாங்குப் பலகையில் இருந்து அழுதிருக்கிறேன். பக்கத்தில் இருந்த ஒரு தாய் என் தலையைத் தடவி, "பயப்புடாதீங்க புள்ள, இப்ப எல்லாத்துக்கும் மருந்திரிக்கு" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

விட்டமின் டி மட்டும் கொஞ்சம் குறைவு என்று வந்தது. அந்த நாளை மறக்க மாட்டேன். ஜெசீமா மச்சிக்கு வீட்டுக்குப் போகும் வழியிலேயே போன் எடுத்துச் சொன்னேன். "எனக்கு ஒண்டு இரிக்காம் மச்சி." வெயில் கொளுத்துகிற ஊரில் வெயில் குறைவால் வருகிற வருத்தம் என்பது கொஞ்சம் வெட்கம்தான். இருந்தாலும் என்னுடையது என்று ஒன்று. குளிசை போட்டேன், மொட்டை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டி வெயில் காய்ந்தேன். மூன்று மாதத்தில் விட்டமின் ஏறிவிட்டது. உளைவு இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசி நாள் அந்த இளம் டொக்டர் பைலை மூடினார். "ஒண்டுமில்ல டீச்சர். ரெஸ்ட் எடுங்க. கனக்க யோசிக்காதீங்க."

நான் "ரெஸ்ட் எடுங்க"வைக் கேட்டேன். அன்சார் "ஒண்டுமில்ல"வைக் கேட்டார். அந்த ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போனவர் தொழுகை முடிந்து வாசலில் நின்று ஊருக்கே சொல்லிவிட்டு வந்தார். வந்து, கிடாய்க்குச் சொல்லி வைத்திருப்பதாக என்னிடம் சொன்னார்.

"என்ன கெடா?"

"நேந்த கெடா. உனக்குக் கெட்ட வருத்தம் ஒண்டும் இல்லெண்டா ஒரு கெடா அறுத்து ஊருக்குச் சோறு குடுக்கிறண்டு நேந்த."

"எப்ப நேந்த?"

"உனக்கு ரத்தம் எடுத்த அண்டைக்கி." சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பாருங்கள், ஒரே வீட்டில் இருந்து இரண்டு துஆ மேலே போயிருக்கிறது. அவர் எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார். நான் ஏதாவது ஒன்று இருந்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர் எவ்வளவு பயந்திருந்தால் ஒரு கிடாய் அளவுக்கு நேர்ந்திருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. நோகிறது என்று சொல்கிறவளை வைத்துக்கொண்டு நோகவில்லை என்று ஊருக்குச் சோறு போடப்போகிறாரே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது. இனி நான் யாரிடம் என்ன சொன்னாலும் எடுபடாது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் சாட்சி.

கட்டிப் பிடித்தார்கள்

ஆக, கந்தூரி நாளுக்குத் திரும்பி வருவோம். கிடாய் மாமரத்தில் இருந்து சட்டிக்குப் போய்விட்டது. கந்தூரி மார்க்கத்தில் இல்லை என்று அந்தப் பெயரே பிடிக்காத உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். விருந்து என்று சொன்னால் வருகிறேன் என்றார். விருந்து என்றே சொன்னோம். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

முற்றத்தில் ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. நெய்ச்சோறு, இறைச்சி, பருப்பு, அச்சாறு. பெண்களுக்கு உள்ளே, நடு வீட்டில். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் என்னுடைய இராச்சியம். நான் ஒரு மூலையில் கதிரையில் இருந்தேன்.

உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணும் என்னைக் கட்டிப் பிடித்தார். சலாம், கட்டிப் பிடித்தல், தோளில் ஒரு அமுக்கு, முதுகில் ஒரு தட்டு, "ஒண்டுமில்லயாமே." அன்புதான். அன்பு என்பதால்தான் தடுக்கவும் முடியவில்லை. முதலில் வந்தவர்களைச் சிரித்துச் சமாளித்தேன். பிறகு பல்லைக் கடித்துச் சமாளித்தேன். ஒரு கட்டத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே என் தோள் இரண்டும் காது வரை ஏறியது.

கடைசியில் ஜெசீமா மச்சி வந்தார். அவர்தான் சமையலுக்குப் பொறுப்பு. அடுப்படி வேலை எல்லாம் முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து வந்தார். இத்தனை நாளும் என்னைப் பற்றி அவருக்கு இருந்த கவலை முழுவதும் அந்தப் பிடியில் இருந்தது.

"ஒண்டுமில்ல மச்சி." முதுகில் ஒரு அடி. "ஒண்டுமில்ல." இன்னொன்று. "ஒண்டுமே."

நான் கத்திவிட்டேன்.

சின்னக் கத்தல் இல்லை. வெளியே ஆண்கள் கையைச் சோற்றில் வைத்தபடி உறைந்துவிட்டார்களாம். உள்ளே யாரோ வட்டிலப்பக் கிண்ணத்தைக் கீழே போட்டார். அன்சார் ஓடி வருகிற சத்தம் கேட்டது. பெண்கள் பக்கம் என்பதால் திரைச்சீலையோடு நின்றுவிட்டார். சீலைக்குக் கீழே அவருடைய கால் மட்டும் தெரிந்தது.

"என்ன நடந்த?"

ஜெசீமா மச்சி இரண்டு கையையும் தூக்கியபடி நின்று தன் அண்ணனுக்குச் சொன்னார். "கட்டிப் புடிச்ச காக்கா. வேற ஒண்டும் செய்யல்ல. கட்டித்தான் புடிச்ச."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"எனக்கு நோகுது" என்றேன், திரைச்சீலையைப் பார்த்து. "ரிப்போட்டுக்குத்தான் நோகல்ல. எனக்கு நோகுது."

சீலைக்குக் கீழே இருந்த கால் அசையவில்லை. வெளியே, கந்தூரி பிடிக்காதவர் இன்னும் கொஞ்சம் கறி கேட்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

நகம் வெளுக்கும்வரை

அடுத்த கிழமை ஜெசீமா மச்சி ஒரு டொக்டரைத் தேடிப் பிடித்துவிட்டார். மூட்டு, தசை நோவுகளுக்கென்றே படித்தவர், பெண், மட்டக்களப்பில் பார்க்கிறார். அன்சார் ரிப்போர்ட்டுகளைக் காணி உறுதியைக் கொண்டுபோவதைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

அந்த டொக்டர் பைலைத் திறக்கவில்லை. முதலில் என்னைக் கேட்டார். எவ்வளவு காலமாக, எங்கெங்கே, எழும்பும்போது எப்படி. நித்திரையைப் பற்றி யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை, அவர் கேட்டார். மறதியைக் கேட்டபோது அரிதட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

பிறகு ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். விரல், மணிக்கட்டு, முழங்கால். அதன் பிறகுதான் பைல்.

"ஆமவாதம் எண்டா மூட்டு வீங்கும், சூடாகும், விட்டா மூட்டையே பழுதாக்கும். உங்கட மூட்டெல்லாம் நல்லா இருக்கு. சிக்குன்குனியா மிச்சம் எண்டா மூட்டோடதான் நிக்கும், இப்பிடி ஊர் சுத்தாது. தைரொயிட் இல்ல, தசை வருத்தம் இல்ல. விட்டமின் குறைஞ்சது, ஏத்திட்டீங்க, நோவு போகேல்ல. இதெல்லாம் பாத்தது நல்லது. பாக்காம நான் சொல்லப்போறதச் சொல்லக் கூடாது."

"அப்ப ஒண்டுமில்லத்தானே டொக்டர்?" என்றார் அன்சார்.

"இருக்கு" என்றார் டொக்டர். "ஃபைப்ரோமயால்ஜியா."

தான் இந்தப் பெயரைச் சொன்னது மற்றது எல்லாம் இல்லை என்பதால் மட்டும் அல்ல என்றார். இதற்கும் சொந்தமாக அடையாளம் உண்டு. உடம்பின் எல்லாப் பக்கமும் மாதக்கணக்கில் நோவது, தூங்கியும் தூங்காதது, களைப்பு, மறதி. மூட்டிலும் தசையிலும் பழுது இல்லை, நோவைக் கேட்கிற இடத்தில்தான் கோளாறு. பள்ளிவாசல் மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் இருமினால் ஊருக்கே கேட்குமே, அப்படி. இருமல் சின்னதுதான், கேட்கிறவருக்குச் சின்னது இல்லை.

அன்சார் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். உரக் கம்பனி ஆட்கள் பேசும்போதும் அப்படித்தான் ஆட்டுவார்.

டொக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழும்பி என் தோளில் பெருவிரலை வைத்தார். "பாருங்க, என்ட நகம் வெளுக்கிற அளவுக்குத்தான் அமத்துறன்." அமத்தினார். நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன்.

"அவ எதுக்கும் இப்பிடித்தான் டொக்டர்" என்றார் அன்சார்.

"சரி. டீச்சர், இப்ப நீங்க அவருக்கு அமத்துங்க. அதே இடத்தில, அதே அளவு. நகம் வெளுத்தா நிப்பாட்டுங்க."

அன்சார் தோளைக் காட்டிக்கொண்டு, வருவது வரட்டும் என்று கண்ணை மூடினார். நான் பெருவிரலை வைத்து அமத்தினேன். நகம் வெளுத்தது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அமத்து" என்றார்.

"அமத்திட்டன்."

"எப்ப?"

"இப்ப."

கண்ணைத் திறந்து என் விரலைப் பார்த்தார். "இன்னொருக்காச் செய்." செய்தேன். நகம் வெளுப்பதை இந்த முறை அவரே பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கா நீ துள்ளின?"

"ஓம்."

"இதுக்கே இப்பிடியெண்டா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பிறகு மெதுவாக, "கந்தூரி அண்டைக்கி எத்தின பேர் கட்டிப் புடிச்ச?" என்று கேட்டார்.

ரிப்போர்ட் பையை நெஞ்சில் இருந்து இறக்கி மடியில் வைத்தார். திரும்பி வரும் வழியில் வேன் ஒவ்வொரு குழியில் விழும்போதும், சாரதியின் முதுகைத் தட்டி "மெதுவா மகன், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு என் வருத்தத்துக்குப் பெயர் கிடைத்ததைவிட அந்த "மெதுவா" இனித்தது. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

கடப்படியில் ஒருவர்

மருந்து என்று இரவில் ஒரு சின்னக் குளிசை. மற்றதெல்லாம் என் கையில்தான். காலையில் கடற்கரையில் நடை, முதலில் நாலு தோணி தூரம், பிறகு கொஞ்சம் கூட்டி. நேரத்துக்குப் படுக்கை. சுடுதண்ணீர்க் குளிப்பு. முழுதாகப் போய்விடும் என்று டொக்டர் சொல்லவில்லை, இதோடு நல்லபடியாக வாழலாம் என்றார். நல்ல நாளும் உண்டு, கதிரையில் இருந்து தொழுகிற நாளும் உண்டு.

அன்சாருக்குத்தான் வேலை கூடிவிட்டது. ஒன்றுமில்லை என்று ஊருக்குச் சொன்ன வாயால் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே. அதுவும் சோறு போட்டுச் சொன்னது. அந்த வருத்தத்தின் பெயரை வயல் வாடியில் இருந்து சொல்லிப் பழகினார். அடுத்த ஜும்ஆவுக்கு அதே பள்ளி வாசலில் நின்றார்.

"அப்ப அந்தக் கெடா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"கெடா கெட்ட வருத்தம் இல்லாததுக்கு. இது ஆளக் கொல்ற வருத்தமில்ல, நோகிற வருத்தம்."

"ரிப்போட்டுல ஒண்டும் இல்லெண்டீங்களே காக்கா."

"போன போகம் எங்கட வயலுக்குள்ள ஆன வந்த. விடியச் சாமம் மழ, அடியெல்லாம் அழிஞ்சி போன. அடி இல்லெண்டு சொல்லி வெள்ளாம திரும்பி வந்தா?"

இதை எனக்கு வந்து சொன்னவர் ஜெசீமா மச்சியின் கணவர். அன்சார் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் புது உடுப்புப் போட்டுக்கொண்டு வீட்டு முன் மண்டபத்தில் இருந்தேன். பெருநாள் என்றால் கட்டிப் பிடிக்காத ஆள் ஏது? தோள் இரண்டும் காதுக்குப் போகத் தயாராக இருந்தன. செருப்புச் சத்தம் கேட்டது. வந்த பெண் எட்ட நின்று சலாம் சொல்லி, நெஞ்சில் கையை வைத்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும்.

எனக்கு விளங்கவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் வளவு வாசலில், கடப்படியில், அன்சார் நிற்கிறார். அந்நியப் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆளே இல்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மின்கம்பத்துக்குச் சொல்வதைப்போல, உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்கிறார்.

"சலாம் மட்டும் சொல்லுங்க. கட்டிப் புடிக்கப்புடா. டீச்சருக்கு நோகும்."

ஜெசீமா மச்சி வந்தபோதும் விடவில்லை. மச்சி அங்கேயே நின்று, "எனக்குத் தெரியாதா காக்கா?" என்று சண்டை பிடித்துவிட்டு, உள்ளே வந்து என் விரல் நுனியை மட்டும் பிடித்து முத்தமிட்டார். கையில் அந்த நசுங்கிய மோல்ட் டின். அதை நான் யாரோ ஒருவரின் சத்திரசிகிச்சைக்குக் கொடுத்துக் கனகாலம் ஆகிறது. எனக்கு வருத்தம் இருக்கிறது என்று ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது என்பதற்கு வேறு ரிப்போர்ட் வேண்டியிருக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அன்சார் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். வெயிலில் நின்று முகம் கறுத்துப்போயிருந்தது. ஒரு பெருநாள் முழுவதும் ஒருவரும் என்னைத் தொடவில்லை. சுகமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது.

"இஞ்ச பாருங்க" என்றேன். "அந்தச் சட்டம் உங்களுக்குமா?"

அவர் தன் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தார். வயலில் கிடந்து தடித்த விரல்.

"நகம் வெளுக்காமப் புடிச்சாச் சரியா?" என்று கேட்டார்.

சரி என்றேன். கையைக் கொண்டுவந்து என் தோளில் வைத்தார். நான் தலையைச் சாய்த்து அந்த நகத்தைப் பார்த்தேன். வெளுக்கவில்லை.